மகள் கல்யாணத்துக்கு முன் கண்ணடியில் ஃபில்லர் ஊசி: டர்பனில் யாரிடம், எப்போது, எப்படித் தயாராவது?

செம்பருத்தி (சாட்ஸ்வர்த்)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். எனக்கு வயது 52. கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து கருத்துப் போயிருக்கிறது. நன்றாகத் தூங்கினாலும் காய்ச்சலில் கிடந்து எழுந்த முகமாகவே தெரிகிறது. கன்சீலர் பூசினால் மடிப்பில் போய்த் தேங்குகிறது. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் கோடும் ஆழமாகிவிட்டது. ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் மருந்து, போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை. கணவர் "இந்த வயசில் எதுக்கு" என்கிறார், மகள் "போட்டுக்கோங்கம்மா" என்கிறாள்.

விசாரித்தவரை, டாக்டர் கிளினிக்கில் ஒரு சிரிஞ்சுக்கு 5000 ராண்டுக்கு மேல் சொல்கிறார்கள். தெரிந்த சலூனில் அதில் பாதி. புடவை எடுக்கச் சென்னை போகிறோமே, அங்கேயே முடித்துவிடலாம் என்பது மைத்துனியின் யோசனை. எது நல்லது? கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் முன்னால் போட வேண்டும்? நடுவில் புரட்டாசி விரதம் வருகிறது. அந்த மருந்தில் மாடு, கோழி என்று ஏதாவது கலந்திருக்குமா?

மாலா (பீனிக்ஸ்)

அக்கா, என் அண்ணி சலூனில்தான் உதட்டுக்குப் போட்டாள், நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே ஊசி போடும் பெண் பயிற்சி எடுத்த சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். டாக்டர் என்ற பெயருக்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். கல்யாணச் செலவு வேறு தலைக்கு மேல் இருக்கும்.

நீலாம்பரி (வெஸ்ட்வில்)

செம்பருத்தி அக்கா, நான் பொது மருத்துவர். இந்த ஊசிகளும் போடுகிறேன். கிளினிக் பெயரைச் சொல்லப் போவதில்லை, இங்கே ஆள் சேர்க்க வரவில்லை.

முதலில் கண்ணடிக் கருமை. எல்லாக் கருமையும் ஒன்றில்லை. நம் தோலில் கண்ணைச் சுற்றி மெலனின் நிறமி அதிகமாகப் படிவது பல குடும்பங்களில் பரம்பரையாகவே வரும். உங்கள் அம்மா, பாட்டி முகத்தை நினைத்துப் பாருங்கள். இன்னொரு வகை வயதால் வருவது: கன்னத்துக் கொழுப்பு குறைந்து இறங்கி, கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் நிழல் விழுகிறது. ஃபில்லரால் பள்ளத்தை நிரப்பத்தான் முடியும். நிறமியை அது ஒன்றும் செய்யாது. பகலில் ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முகவாயைச் சற்று உயர்த்திப் பாருங்கள். கருமை பெரும்பாலும் மறைந்தால் நிழல், அப்படியே இருந்தால் நிறமி. இரண்டும் கலந்தவர்கள்தான் நம்மில் நிறைய.

காலையில் கண்ணடி உப்பி, மதியத்துக்குள் வற்றும் வழக்கம் இருக்கிறதா? இருந்தால் அங்கே ஃபில்லர் வேண்டாம் என்பேன். பெரும்பாலான ஃபில்லர்களில் இருக்கும் ஹயலுரானிக் அமிலம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள், உப்பல் கூடும். அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது. மருந்து மேலாகத் தங்கிவிட்டால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். அதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். கருமையைப் போக்கப் போனவர் நீலத்தோடு திரும்புவது இப்படித்தான். முகத்திலேயே கை தேர்ந்தவர்களும் யோசித்துப் போடும் இடம் இது. மலிவு விலைக்காகத் தேர்ந்தெடுக்கும் இடமே இல்லை.

அடுத்தது மருந்து. ஜூவிடெர்ம், ரெஸ்டிலேன், டியோசியால், பெலோட்டெரோ எல்லாம் ஹயலுரானிக் அமில வகை. இவற்றுக்குப் பெரிய பாதுகாப்பு என்னவென்றால், ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை ஊசியில் ஏற்றினால் கரைந்துவிடும். ரேடியெஸ் கால்சியம் வகை, ஸ்கல்ப்ட்ரா பாலிலாக்டிக் அமிலம். அவை கெட்ட மருந்துகள் இல்லை, ஆனால் அந்த நொதிக்குக் கரையாது. முதன்முறை போடுகிறவர், அதுவும் கண்ணுக்குப் பக்கத்தில், கரைக்க முடிகிற வகையைத் தவிர வேறெதற்கும் தலையாட்டக் கூடாது. "நிரந்தர ஃபில்லர், ஒரே செலவு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போடாக்ஸையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தசையைத் தளர்த்தும், பள்ளத்தை நிரப்பாது.

மாலா, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஊசி குத்துவதைப் பழகிக்கொள்ளலாம். கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதில்தான் டாக்டர் வேண்டும். மருந்து தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் இறங்கினால், அந்தக் குழாய் ஊட்டும் தோல் செத்துப்போகலாம். முகத்துக் குழாய்கள் சில கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருப்பதால் பார்வையே போன சம்பவங்கள் உலகில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் புருவ நடு, மூக்கு, நெற்றி ஆகிய இடங்களில் ஆபத்து கூடுதல், கண்ணடியும் விதிவிலக்கில்லை. அப்படி நேர்ந்தால் கையில் இருப்பது மிகக் குறைந்த நேரம். அந்த அறையிலேயே ஹயலுரோனிடேஸ் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்தவர் இருக்க வேண்டும். சலூனில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எங்களுக்கு வந்ததே இல்லை" என்பது பதில் ஆகாது.

மாலா (பீனிக்ஸ்)

இது யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம். அண்ணியிடம் இன்றே பேசுகிறேன். ஒருவர் உண்மையில் டாக்டர்தானா என்று நாமே எப்படித் தெரிந்துகொள்வது? வெள்ளைக் கோட்டு எல்லோரும்தான் போட்டிருக்கிறார்கள்.

நீலாம்பரி (வெஸ்ட்வில்)

தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.பி.சி.எஸ்.ஏ-வின் இணையதளத்தில் ஐ-ரெஜிஸ்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. மருத்துவரின் பதிவெண் எம்.பி என்று தொடங்கும். பதிவு நடப்பில் இருக்கிறதா, தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, பொது மருத்துவரா என்பதெல்லாம் அதில் தெரியும். அழகு சிகிச்சை என்பது அங்கே தனி ஸ்பெஷாலிட்டியாகப் பதிவாவதில்லை. ஆகவே "ஏஸ்தெட்டிக் ஸ்பெஷலிஸ்ட்" என்ற பலகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அடிப்படைத் தகுதி என்ன, கண்ணடிக்கு எவ்வளவு நாளாகப் போடுகிறார், கோளாறு வந்தவர்களை எப்படிக் கவனித்தார் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வார இறுதியில் ஓர் ஊரில் கற்றுக்கொண்ட சான்றிதழும், பல வருடம் கை பழகியதும் ஒன்றாகாது.

ஊசி போடும் அன்று பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி அச்சடித்த சிறு ஸ்டிக்கர்கள் உள்ளே இருக்கும். ஒன்று உங்கள் ஃபைலில் ஒட்டப்பட வேண்டும், நீங்களும் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்னொரு வருடம் வேறு டாக்டரிடம் போனால் அதுதான் முதலில் கேட்கப்படும்.

கதம்பம் (லெனேஷியா)

ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒரு கருவியால் உதட்டில் மருந்தைப் பீய்ச்சும் முறையும் வீடுகளில் நடக்கிறது. தோழிகள் கூடி, டீயும் பலகாரமும் வைத்து, ஒவ்வொருவராக. என் ஒன்றுவிட்ட தங்கை அப்படி ஓர் இடத்தில் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரியே மேலுதட்டின் ஒரு பக்கம் வெளிறி, பிறகு வலை போட்டது போல ஊதா நிறக் கோடுகள் வந்தன. போட்டவர் ஐஸ் வை, சரியாகிவிடும் என்று செய்தி அனுப்பினார். மறுநாள் ஒரு தோல் மருத்துவர் பார்த்து உடனே கரைக்கும் ஊசியைப் போட ஆரம்பித்தார். உதடு பிழைத்தது, ஓரத்தில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இந்த மாதிரிப் பேனாக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 அக்டோபரிலேயே எச்சரித்தது. இங்கே அதைக் கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.

அக்கா, நீங்கள் எங்கே போட்டாலும், எந்த நிறம் ஆபத்து, எது சாதாரணம் என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணையும்.

நீலாம்பரி (வெஸ்ட்வில்)

கதம்பம் சொன்ன வெளிறலும் வலைக்கோடும்தான் நாங்கள் பயப்படும் அறிகுறிகள். போட்ட இடத்துக்கு அப்பாலும் தோல் வெளுத்துப்போவது, ஏறிக்கொண்டே போகும் வலி, கண் மங்குவது, இரட்டையாகத் தெரிவது, இவற்றில் எதற்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. பார்வையில் மாற்றம் என்றால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு. நம் தோல் கருப்பு என்பதால் வெளிறுவது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. தொட்டு அழுத்தி விட்டுப் பாருங்கள், நிறம் திரும்ப நேரமெடுத்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். உதட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள்.

தாயம்மாள் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

படித்துக்கொண்டே வந்தேன். யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மா 52 வயது அம்மாவாகத் தெரிவதில் என்ன குறை? இத்தனை ஆபத்து சொல்கிறீர்கள், பிறகும் எதற்கு? எங்கள் அம்மாக்கள் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து நின்றார்கள். அந்தப் படங்கள் இன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. மெடிக்கல் எயிடு என்ற மருத்துவக் காப்பீடும் இதற்குக் காசு தராது. அந்தப் பணத்தைப் பெண்ணுக்குத் தங்கமாகப் போடலாம்.

செம்பருத்தி (சாட்ஸ்வர்த்)

தாயம்மாள் அக்கா, நீங்கள் அன்போடு கேட்டது புரிகிறது. எனக்கு இருபது வயதுப் பெண்ணாகத் தெரிய ஆசையில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "உடம்பு சரியில்லையா" என்று கேட்பது வலிக்கிறது. போன வருடம் என் அம்மா இறந்தபின் அந்தக் கேள்வி தினமும் வருகிறது. அன்று ஒரு நாளாவது அது வேண்டாம் என்று நினைக்கிறேன். போட்டுத்தான் தீர வேண்டும் என்று நான் முடிவு கட்டவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கத்தான் கேட்கிறேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பாதி மறைகிறது, பாதி அப்படியே இருக்கிறது. காலை உப்பல் இல்லை.

தாயம்மாள் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அப்படியானால் கேளுங்கள் தங்கச்சி, தப்பில்லை. அம்மா போன துக்கம் எனக்கும் தெரியும்.

வேலடிமை (டொங்காட்)

ஆண்கள் கேட்கலாமா? நான் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன். கன்னத்தில் வேல் குத்திக்கொள்வேன். பருத் தழும்பால் இரண்டு கன்னமும் குழிந்திருக்கின்றன. அதற்கும் ஃபில்லர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போட்டபின் வேல் குத்தலாமா?

நீலாம்பரி (வெஸ்ட்வில்)

அண்ணா, நல்ல வேளை கேட்டீர்கள். ஃபில்லர் இருக்கும் இடத்தின் வழியாக எது குத்திப் போனாலும் தோலில் இருக்கும் கிருமி அந்த ஜெல்லுக்குள் போய் உட்கார இடம் கிடைக்கும். அங்கே புகுந்த கிருமியை ஆன்டிபயாடிக்கால் விரட்டுவது சாதாரணப் புண்ணைவிடக் கடினம். வேல் போகும் பாதையில் ஃபில்லர் வேண்டாம் என்பதே என் கருத்து. டாக்டரிடம் நேர்த்திக்கடனைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லி, வேல் நுழையும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். குழித் தழும்புக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் குத்துவது), சப்சிஷன் (தழும்பை அடியில் இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசியால் அறுத்து விடுவது) என்று வேறு வழிகளும் உண்டு. தைப்பூசத்துக்கு நிறைய நாள் முன்னால் அவற்றைத் தொடங்கலாம். கெலாய்டு, அதாவது தழும்பு மேடாக வளரும் தன்மை இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி அக்கா, புரட்டாசிக் கேள்வி விட்டுப்போனது. 1980களில் வந்த முதல் ஃபில்லர்கள் மாட்டுத் தோலின் கொலாஜன். பிறகு சேவல் கொண்டையிலிருந்து ஹயலுரானிக் அமிலம் எடுத்தார்கள். இன்றைய ரெஸ்டிலேன், ஜூவிடெர்ம் இரண்டிலும் பாக்டீரியாவை நொதிக்க வைத்து எடுப்பதுதான், விலங்குப் பொருள் இல்லை. ஆனால் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் பல தயாரிப்புகளில் ஆடு, மாட்டிலிருந்து எடுப்பது. அவசரத்தில் அதை மறுக்கவே கூடாது. விரத மாதத்தில் அந்தச் சங்கடம் வேண்டாம் என்றால் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே, ஆகஸ்டு கடைசியில் போட்டு முடியுங்கள். இன்னொன்று, தேனீ அல்லது குளவி கொட்டிப் பெரிய அலர்ஜி வந்தவரா நீங்கள்? அந்த விஷத்திலும் இதே இனத்து நொதி உண்டு. டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி அது.

ஆகஸ்டு என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீக்கம் சில நாள், ரத்தக்கட்டு ஒரு வாரம் பத்து நாள், உண்மையான உருவம் தெரிய இரண்டு வாரம். அப்போது மறுபடி பார்த்துக் குறை இருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம், கூடிவிட்டால் கரைக்கலாம். கரைத்தபின் மறுபடி போட மேலும் சில வாரம் விட வேண்டும். நம் தோலில் ரத்தக்கட்டு மறைந்தபிறகும் கறை நிற்கலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சென்னையில் மிகச் சிறந்த தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. புடவைக் கடைக்கும் விமானத்துக்கும் நடுவில் செருகும் வேலை இல்லை இது. இரண்டு வாரம் கழித்து யார் பார்ப்பார்? நடுவானில் உதடு வெளிறினால்?

ரோஜா மொட்டு (அம்லாங்கா)

நான் போட்டுக்கொண்டவள், கன்னத்தில். எனக்குச் சொல்லப்பட்டதை எழுதுகிறேன், உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஒரு வாரம் முன்பிருந்து ஐபூபுரூஃபன், மீன் எண்ணெய், விட்டமின் ஈ, ஜின்கோ, பூண்டு மாத்திரை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். ரத்தம் உறைவதை இவை தாமதமாக்குவதால் கன்றிப்போவது அதிகமாகும். குழம்பில் போடும் பூண்டு, ரசத்து மஞ்சள் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, மாத்திரைகள்தான் விஷயம். முந்தின நாள் மது கூடாது. ஆனால் இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினையும் வார்ஃபரினையும் தானாக நிறுத்தவே கூடாது. நம் வீடுகளில் சர்க்கரையும் இதய நோயும் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பல் வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு இரண்டு வாரம் விடச் சொன்னார்கள். சளி, காய்ச்சல், முகத்தில் சீழ்ப் பரு என்று ஏதாவது இருந்தால் தள்ளிப் போடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் போட மாட்டார்கள்.

அன்று மேக்கப் இல்லாமல் போனேன். எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் முக்கியம், பிறகு ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்தால் அது முன்பே இருந்ததா என்று பார்க்கலாம். மரப்புக் களிம்பு தடவினார்கள், மருந்திலேயே லிடோகைன் என்ற மரப்பு மருந்து கலந்திருந்தது. பல் டாக்டர் போடும் மரப்பு ஊசி யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலிலேயே சொல்லுங்கள். கானுலா என்ற, நுனி மழுங்கிய மெல்லிய குழலால் போட்டார்கள். ரத்தக்குழாயைக் குத்தும் வாய்ப்பு குறைவு, அறவே இல்லை என்று அர்த்தமில்லை என்று டாக்டரே சொன்னார்.

வந்தபின் அன்று முழுவதும் குங்குமம், விபூதி, மஞ்சள் எதையும் ஊசி போட்ட இடத்தில் தொடவிடவில்லை. கடினமான உடற்பயிற்சி, ஆவி பிடிப்பது, ஹோமத்துக்கு முன்னால் உட்கார்வது இரண்டு நாள் இல்லை. தலையணையை உயர்த்தி மல்லாந்து படுத்தேன். சன்ஸ்கிரீன் கண்டிப்பாக, டர்பன் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அப்புறம் அக்கா, நலங்கில் முகத்தில் மஞ்சளை அழுத்தித் தேய்க்கும் அத்தைகள் இருப்பார்கள். மணப்பெண்ணோடு விளையாட்டுக்கு அம்மாவையும் பிடித்துக்கொள்வார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செம்பருத்தி (சாட்ஸ்வர்த்)

எல்லோருக்கும் நன்றி. ஐ-ரெஜிஸ்டரில் பெயர் பார்த்து ஒரு தோல் மருத்துவரிடம் போய் வந்தேன், ஊசி போட இல்லை, பேச மட்டும். ஹயலுரோனிடேஸ் இருக்கிறதா என்று கேட்டதும் எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார். என்னை உட்கார வைத்தும் சாய்த்தும் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணடியில் நேராக ஊசி வேண்டாம், கன்னத்தின் மேல்பகுதியில் பக்கத்துக்கு அரை மில்லி போட்டால் பள்ளத்தின் நிழல் தானே குறையும் என்றார். மூக்கோரக் கோடும் கன்னம் இறங்கியதால் வந்ததுதானாம், அதைத் தனியாகத் தொட வேண்டாம் என்றார். நிறமிக்கு ஒரு களிம்பும் சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் பொறுமை வேண்டும் என்றார். நான் கேட்டுப் போனதைவிடக் குறைவாகச் செய்யச் சொல்லும் டாக்டரை எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்டு கடைசிக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்க மறந்தேன். எனக்கு வெயிலில் அலைந்தால் உதட்டோரம் நீர்க்கொப்புளம் வரும். கன்னத்துக்குத்தானே போடுகிறோம், அதைச் சொல்ல வேண்டுமா?

நீலாம்பரி (வெஸ்ட்வில்)

கட்டாயம் சொல்லுங்கள் அக்கா. அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம், ஊசி அதைத் தூண்டிவிடலாம். வாய்க்குப் பக்கத்தில் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே மாத்திரை கொடுப்போம். கன்னத்துக்கு அது தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். அன்று கொப்புளம் வந்திருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது.